329-லிருந்து 432: எழுபத்தொரு தவறான விடைகளின் கணக்கு

2024 ஜூன் மாதம், நீட் முடிவு வந்து ஒரு வாரம் இருக்கும். எங்கள் பள்ளியில் பன்னிரண்டாம் வகுப்பு முடித்த மாணவி ஒருத்தி தன் அம்மாவுடன் என் வீட்டுக்கு வந்தாள். கையில் ஒரு மஞ்சள் பை. அதற்குள் தேர்வறையில் கொடுத்த வினாத்தொகுப்பு நான்காக மடித்து இருந்தது. அவள் மதிப்பெண் 329. தகுதி பெற்றிருந்தாள், பொதுப் பிரிவுக்கான தகுதி வரம்பே அந்த ஆண்டு 162தான். ஆனால் தகுதி வேறு, இடம் வேறு. 720-க்கு 720 என்று 67 பேர் முதலிடம் என அறிவிக்கப்பட்டிருந்த நேரம் அது. அந்தப் பட்டியலுக்கு முன்னால் 329 என்ன ஆகும் என்று அந்த வீட்டில் யாருக்கும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

"இன்னொரு வருஷம் படிக்க வைக்கலாமா சார்?" என்று அம்மா கேட்டார். அவர் நூறு நாள் வேலைக்குப் போகிறவர். அப்பா சரக்கு வண்டி ஓட்டுகிறார். ஊர் தருமபுரி மாவட்டம், அரூர் பக்கம். பயிற்சி நிறுவனத்தில் சேர்க்கிற அளவுக்குக் கையில் பணம் இல்லை. ஒரு பெண் பிள்ளையின் ஓர் ஆண்டை எடுத்துக்கொள்வதென்றால் அதற்கு நான் பதில் சொல்லியாக வேண்டும். உடனே சரி என்று சொல்லிவிடவில்லை. "பையை வைத்துவிட்டுப் போங்கள் அம்மா, இரண்டு நாளில் சொல்கிறேன்" என்றேன்.

அந்த இரண்டு நாளில் பார்த்ததும், அதன்பின் பத்து மாதம் செய்ததும், அதில் பலித்ததும் பலிக்காததும்தான் இந்தக் குறிப்பு. நான் அரசு மேல்நிலைப் பள்ளியில் இயற்பியல் எடுப்பவன். இதே நிலையில் இருக்கும் ஆசிரியர்களும் பெற்றோரும் படிப்பார்கள் என்ற எண்ணத்தில் எழுதுகிறேன். மாணவியை அடையாளம் காட்டக்கூடிய எதையும் சேர்க்கவில்லை.

களம்

தமிழ்நாட்டில் தொழிற்கல்விக்கான நுழைவுத் தேர்வை 2006-இல் சட்டம் இயற்றி நீக்கினோம். அதன்பின் பத்தாண்டுகள் பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண்ணே மருத்துவ இடத்தைத் தீர்மானித்தது. 2017 முதல் நீட். அரசுப் பள்ளிப் பிள்ளைகள் அடியோடு காணாமல் போனதைப் பார்த்து, ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு 7.5 சதவீத உள் ஒதுக்கீடு 2020-இல் வந்தது. அது வந்திராவிட்டால் இந்தக் கட்டுரைக்கே வேலை இல்லை.

இன்னொரு எண்ணையும் சொல்ல வேண்டும். நீதிபதி ஏ.கே. ராஜன் குழு 2021-இல் கொடுத்த அறிக்கைப்படி, மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தவர்களில் இரண்டாம் முறையோ அதற்கு மேலோ எழுதியவர்களின் பங்கு 2016-17-இல் 12.47 சதவீதம், 2020-21-இல் 71.42 சதவீதம். அதாவது ரிப்பீட்டர் என்பவன் இன்றைக்கு விதிவிலக்கு இல்லை, அவனே விதி. பள்ளியை முடித்த கையோடு முதல் முறையிலேயே இடம் பிடிப்பதுதான் அரிதாகிவிட்டது. இது நியாயமா என்றால் இல்லை என்றுதான் சொல்வேன். வீட்டில் ஓர் ஆண்டு சும்மா உட்கார வசதியுள்ள பிள்ளைக்கும், அடுத்த மாதமே பனியன் கம்பெனிக்குப் போக வேண்டிய பிள்ளைக்கும் ஒரே தாளைக் கொடுத்துச் சமநிலை என்று சொல்கிறோம். ஆனாலும் என் முன்னால் உட்கார்ந்திருந்தது கொள்கை அல்ல, பதினெட்டு வயதுப் பெண். அவளுக்கு வேண்டியது கணக்கு.

வினாத்தொகுப்பு சொன்னது

நீட் எழுதுகிறவர்கள் வினாத்தொகுப்பை வீட்டுக்கு எடுத்து வரலாம். விடைத்தாளின் நகலையும் விடைக்குறிப்பையும் தேர்வு முகமை இணையத்தில் வெளியிடுகிறது. இந்த இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், பிள்ளை அந்த மூன்று மணி இருபது நிமிடத்தில் என்ன நினைத்தது என்பது வரிக்கு வரி தெரியும். இவ்வளவு அருமையான ஆவணத்தைப் பெரும்பாலான வீடுகளில் பழைய பேப்பரோடு போட்டுவிடுகிறார்கள். மொத்த மதிப்பெண் ஒன்றுதான் எல்லோர் வாயிலும்.

2024 தாளில் 180 வினாக்களுக்கு விடை தர வேண்டும். சரிக்கு நான்கு, தவறுக்கு ஒன்று கழிவு. அவள் கணக்கு இப்படி: இயற்பியலில் 14 சரி, 26 தவறு, வேதியியலில் 22 சரி, 19 தவறு, உயிரியலில் 64 சரி, 26 தவறு. மொத்தம் 100 சரி, 71 தவறு, 9 விட்டது. நானூறில் எழுபத்தொன்று போனால் 329.

அந்த 71-ஐயும் ஒவ்வொன்றாக எடுத்தேன். அவளைக் கூப்பிட்டு, விடையைச் சொல்லாமல், "இதை ஏன் தீட்டினாய்?" என்று மட்டும் கேட்டேன். ஒரு நாள் முழுக்க ஆயிற்று. ஐந்து கட்டங்களில் விழுந்தன.

பாடமே தெரியாமல் தீட்டியது 24. வினாவைத் தவறாகப் படித்தது 13. கணக்கில், அலகில், பத்தின் அடுக்கில் சறுக்கியது 11. இரண்டு விடைகள் வரை சரியாக வந்து கடைசியில் மற்றதைத் தீட்டியது 14. நேரம் முடிகிற அவசரத்தில் தீட்டியது 9. அந்த ஒன்பதில் இரண்டு, ஒரு வரிசை கீழே இறங்கி அடுத்த எண்ணுக்குரிய வட்டத்தில் விழுந்திருந்தன. தொகுப்பில் சரியான விடைக்கு டிக் போட்டிருக்கிறாள். விடைத்தாளில் வேறு வட்டம் கறுப்பாகி இருக்கிறது. அதைக் காட்டியபோது அவள் பேசவில்லை. அந்த வட்டத்தின் மேல் விரலை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தாள்.

71-இல் 47, அவளுக்குப் பாடம் தெரியாததால் போனவை அல்ல. அந்த எண் கிடைத்த பிறகுதான் அவள் அம்மாவிடம் "படிக்க வைக்கலாம்" என்று சொன்னேன். 47-ம் பாடம் தெரியாத கட்டத்தில் விழுந்திருந்தால் ஒருவேளை வேறு மாதிரி சொல்லியிருப்பேன்.

தவறாகப் படிப்பது என்றால்

அந்தப் பதின்மூன்றைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். நம் பிள்ளைகளுக்கு அதிகம் நடப்பதும், ஆசிரியர்கள் "கவனக்குறைவு" என்று ஒரே சொல்லில் தள்ளிவிடுவதும் இதுதான்.

அவள் தமிழ் வழி. தமிழ்த் தாளில் ஒவ்வொரு வினாவும் தமிழிலும் ஆங்கிலத்திலும் இருக்கும். மொழிபெயர்ப்பில் ஐயம் வந்தால் ஆங்கில வடிவமே இறுதி என்பது விதி. இந்த விதி காகிதத்தில் ஒரு வரி. பிள்ளைக்கு அது தலையில் ஏறிய பாரம். 2018-இல் தமிழ்த் தாளில் 49 வினாக்களில் பிழை என்று வழக்கு வந்தது. சிறுத்தை என்று இருக்க வேண்டிய இடத்தில் 'சீத்தா' என்று அச்சாகியிருந்தது. உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 196 கருணை மதிப்பெண் கொடுக்கச் சொன்னது. உச்ச நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. அன்று எழுதிய பிள்ளைகளுக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. ஆகவே தமிழ் வழி மாணவர் இரு கண்ணும் திறந்தே இருக்க வேண்டும்.

நாங்கள் ஒரு நோட்டில் இரண்டு பத்தி போட்டோம். இடப்பக்கம் நம் பாடநூலின் சொல், வலப்பக்கம் ஆங்கிலச் சொல். திருப்பு விசைக்கு நேராக டார்க். கோண உந்தம், நிலைமத் திருப்புத்திறன், மின்தேக்குத்திறன் என்று தொடங்கி ஆண்டு முடிவில் அறுநூறு சொற்களைத் தாண்டியது. ஆங்கிலத்தில் படிக்கச் சொல்லவில்லை. தமிழில் படி, வினாவின் உயிர்ச்சொல் ஒன்றை மட்டும் ஆங்கிலத்தில் சரிபார் என்றேன். முழு வினாவையும் இரண்டு முறை படித்தால் நேரம் போதாது. ஒரு சொல்லைப் பார்க்க இரண்டு விநாடிதான்.

இதைவிடச் சின்ன விஷயம் ஒன்று. பதின்மூன்றில் ஐந்து, "பின்வருவனவற்றுள் தவறானது எது" என்ற வகை. முதல் கூற்று சரியாக இருந்தது. கை தானாகவே அதைத் தீட்டிவிட்டது. பள்ளித் தேர்வு பன்னிரண்டு ஆண்டுகளாகச் சரியானதைத் தேடவே அந்தக் கையைப் பழக்கியிருக்கிறது. அதனால் ஒரு பழக்கம் வைத்தோம்: விடைகளைப் பார்க்கும் முன் 'தவறானது', 'பொருந்தாதது', 'அல்லாதது' என்ற சொல்லைப் பேனாவால் சுற்று. சுற்றாமல் விடைக்குப் போகாதே. முதல் மாதம் மறந்து மறந்து போனாள். மூன்றாம் மாதம், காய்கறிக் கடை நோட்டீசில்கூட சுற்றிவிடுவேன் போலிருக்கிறது என்று அவளே சொன்னாள்.

எந்தப் பாடத்தை விடுவது

வேதியியலில் நான் எதிர்பாராத ஒன்று கிடைத்தது. நம் மாநிலப் பன்னிரண்டாம் வகுப்பு வேதியியல் நூலின் முதல் பாடம் உலோகவியல். எல்லாப் பிள்ளைகளையும்போல அவளும் முதல் பாடத்தைத்தான் மிகவும் ஆழ்ந்து படித்திருந்தாள். ஓரங்களில் மூன்று நிற மையில் குறிப்புகள். ஆனால் 2024-க்கான நீட் பாடத்திட்டத்தைத் திருத்தியபோது உலோகவியலை எடுத்துவிட்டார்கள். திட நிலைமை போயிற்று, புறப்பரப்பு வேதியியல் போயிற்று, பல்படிகள் போயிற்று. பள்ளித் தேர்வுக்கு அவை வேண்டும். நீட்டுக்கு ஒரு வினாவும் வராது. அவள் 2024 ஏப்ரலில் உலோகவியலைத் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்ததாகச் சொன்னாள். யாரும் அவளிடம் சொல்லவில்லை. அந்த 'யாரும்' என்பதில் நானும் உண்டு.

அதே திருத்தத்தில் செய்முறை வேதியியல் சேர்ந்தது. அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு இது கைவந்தது. உப்புப் பகுப்பாய்வைச் செய்முறைத் தேர்வுக்காக உருப்போட்டு, சோதனைக் குழாயைப் பிடித்துப் பார்த்துவிட்டுத்தான் வருகிறார்கள். அவளுடைய பழைய செய்முறை ஏட்டையே எடுத்து மறுபடி படித்தோம். பாடத்திட்டத்தை அச்செடுத்துச் சுவரில் ஒட்டி, நம் நூலில் அது எந்தப் பாடத்தில் எந்தப் பக்கம் என்று எதிரே எழுதுவது ஒரு வார வேலை. அந்த ஒரு வாரம் போல் லாபமான வாரம் அந்த ஆண்டில் வேறு இல்லை.

ஒரு மின்தேக்கி

இயற்பியல் என் பாடம். அதில்தான் அவள் நிலை மோசம், 180-க்கு 30. சூத்திரங்கள் எல்லாம் தெரியும். எப்போது எது என்பது தெரியாது. ஒரு மாலை நடந்ததைச் சொல்கிறேன்.

இணைத்தட்டு மின்தேக்கியை மின்கலத்தோடு இணைத்து முழுதாக ஏற்றிவிட்டு, மின்கலத்தைக் கழற்றிவிடுகிறோம். பிறகு தட்டுகளுக்கு நடுவே மின்காப்புப் பொருளை நுழைக்கிறோம். சேமித்த ஆற்றல் கூடுமா, குறையுமா? அவள் உடனே "கூடும் சார்" என்றாள். ஏன்? ஆற்றல் என்பது அரை, மின்தேக்குத்திறன், மின்னழுத்தத்தின் இருமடி, மின்தேக்குத்திறன் கூடுகிறது, ஆகவே கூடும்.

"கழற்றிய பிறகு எது மாறாமல் இருக்கும்?"

பதில் வரவில்லை. அடுப்படியில் இருந்த அவள் அம்மாவிடம் இரண்டு செம்பு வாங்கி வந்தேன். ஒன்று குழாயடியில் இருக்கிற செம்பு, மற்றது குழாயை விட்டுத் தூரமாக எடுத்து வந்த செம்பு. "எடுத்து வந்த செம்பில் தண்ணீரின் அளவு மாறுமா?" மாறாது. "மின்கலத்தைக் கழற்றிவிட்டால்?" கொஞ்சம் யோசித்து, "மின்னூட்டம் மாறாது" என்றாள். அப்படியானால் மின்னூட்டத்தை வைத்து எழுதிய சூத்திரத்தை எடுக்க வேண்டும். அதில் மின்தேக்குத்திறன் கீழே இருக்கிறது. அது கூடினால் ஆற்றல் குறையும். மின்கலம் இணைந்தே இருந்தால் மாறாதது மின்னழுத்தம். அப்போது ஆற்றல் கூடும். ஒரே பொருள், ஒரே சூத்திரத்தின் இரண்டு முகம், எதிரெதிர் விடை.

அன்றிலிருந்து எந்தக் கணக்கானாலும் முதல் வரி "மாறாதது எது?" என்று எழுத வைத்தேன். வெப்ப இயக்கவியலிலும் மோதலிலும் அந்த ஒரு கேள்வி வேலை செய்தது.

இதே இயற்பியலில் என் தவறும் உண்டு. சுழற்சி இயக்கம் எனக்குப் பிடித்த பாடம். ஆகஸ்ட், செப்டம்பர் இரண்டு மாதமும் அதிலேயே அவளைப் பிடித்து வைத்துவிட்டேன். அந்த உழைப்புக்கு ஆண்டுக்கு இரண்டு மூன்று வினாதான் வரும், அவையும் கடினமாக வரும். குறைக்கடத்தி, அணு, மின்னோட்டம், அலகுகள் என்று கைக்கெட்டும் தூரத்தில் இருந்த பாடங்கள் அக்டோபர் வரை காத்துக் கிடந்தன. ஞாயிற்றுக்கிழமைத் தேர்வுகளில் ஆகஸ்டு 341, செப்டம்பர் 336 என்று எண் இறங்கியதற்குக் காரணம் அவள் அல்ல.

ஞாயிறு மதியம் இரண்டு மணி

ஜூலையிலிருந்து ஒவ்வொரு ஞாயிறும் மதியம் இரண்டு மணிக்கு முழுத் தேர்வு. உண்மைத் தேர்வு நடக்கும் அதே நேரம். சாப்பிட்டவுடன் தூக்கம் வருகிற அதே நேரம். கறுப்பு பந்துமுனைப் பேனா, நகலெடுத்த விடைத்தாள். கடைசியில் மொத்தமாக வட்டம் தீட்டும் பழக்கத்தை முதல் நாளே நிறுத்தினோம். ஒரு பக்கம் முடிந்தால் அந்தப் பக்கத்தைத் தீட்டிவிட்டுத்தான் அடுத்த பக்கம். வரிசை இறங்கிப் போகிற தவறு அதோடு நின்றது.

ஒவ்வொரு வினாவுக்கும் ஓரத்தில் ஒரு குறி போடச் சொன்னேன். நிச்சயம் என்றால் புள்ளி. இரண்டில் ஒன்று என்றால் வட்டம். தெரியாது என்றால் பெருக்கல் குறி. இந்தக் குறிகள்தான் பின்னால் எங்களுக்கு ஓர் உண்மையைக் காட்டின.

"நெகட்டிவ் மார்க் இருக்கிறது, தெரியாததைத் தொடாதே" என்று எல்லோரும் சொல்கிறோம். கணக்குப் போட்டுப் பார்த்தால் அது அப்படியே சரியில்லை. நான்கில் ஒன்றைக் கண்ணை மூடித் தீட்டினால் சராசரியாகக் கால் மதிப்பெண் லாபம். மூன்றில் ஒன்று என்றால் மூன்றில் இரண்டு பங்கு மதிப்பெண் லாபம். இரண்டில் ஒன்று என்றால் ஒன்றரை. அப்படியானால் எல்லாவற்றையும் தீட்டிவிடலாமே?

முதல் நான்கு தேர்வுகளில் அவள் பெருக்கல் குறி போட்டும் தீட்டிய வினாக்கள் 60. கண்ணை மூடித் தீட்டியிருந்தாலே 15 சரியாக வந்திருக்க வேண்டும். வந்தது 11. நாற்பத்து நான்கு வரவு, நாற்பத்தொன்பது செலவு, ஐந்து நட்டம். குருட்டாம்போக்கைவிடக் கீழே போயிருந்தாள்! காரணம் யோசித்தால் புரிகிறது. வினா எடுப்பவர் தவறான விடைகளைச் சும்மா போடுவதில்லை. அரையை மறந்தவனுக்கு ஒரு விடை, சென்டிமீட்டரை மீட்டராக்காதவனுக்கு ஒரு விடை என்று வலை விரித்து வைக்கிறார். அரைகுறையாகத் தெரிந்தவர் அந்த வலையில்தான் போய் விழுகிறார்.

வட்டக் குறி போட்டவை 48. அதில் 27 சரி. நிகர லாபம் 87. எனவே அவளுக்கான விதி தெளிவாயிற்று: வட்டத்தைத் தயங்காமல் தீட்டு, பெருக்கலை விட்டுவிடு. இது அவளுக்கான விதி. வேறு பிள்ளைக்கு வேறு எண் வரலாம். அவரவர் குறிகளை எண்ணிப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும்.

திங்கட்கிழமை முழுவதும் தவறு நோட்டு. தவறிய வினாவை வெட்டி ஒட்டி, விடையைப் பின்பக்கம் எழுதி, மூன்று நாள் கழித்து, பத்து நாள் கழித்து, ஒரு மாதம் கழித்து மறுபடி போட வேண்டும். படித்ததையே திரும்பப் படிப்பதைவிட, மூடி வைத்துவிட்டு நினைவிலிருந்து எடுப்பது நீண்ட நாள் நிற்கும் என்பதை ரோடிகர், கார்பிக்கே என்ற இரண்டு அமெரிக்க உளவியலாளர்கள் 2006-இல் சோதித்துக் காட்டினார்கள். ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டால் திரும்பப் படித்தவர்கள் முன்னால் நின்றார்கள். ஒரு வாரம் கழித்துக் கேட்டால் தம்மைத் தாமே சோதித்தவர்கள் முன்னால் நின்றார்கள். பிள்ளைகள் மஞ்சள் மையால் கோடு போட்டுப் படித்துவிட்டுத் தெரிந்துவிட்டது என்று நம்புவது அந்த ஐந்து நிமிட நம்பிக்கைதான்.

நவம்பரில் ஆர்வம் மிஞ்சி மூன்று வாரம் தினம் ஒரு தேர்வு வைத்தேன். எண் 372-லிருந்து 369 ஆயிற்று. தேர்வு எழுதவே நேரம் போயிற்று. தவறைப் பார்க்க நேரம் இல்லை. மறுபடி வாரம் ஒன்றுக்கே திரும்பினோம். டிசம்பரில் 391.

ஜனவரி

2025 ஜனவரி 25-ஆம் தேதி தேர்வு முகமை ஓர் அறிவிப்பு விட்டது. கொரோனா காலத்தில் கொண்டுவந்த விருப்ப வினாக்கள் இனி இல்லை. கூடுதல் நேரமும் இல்லை. 180 வினா, 180 நிமிடம். எல்லாம் கட்டாயம். முந்தைய ஆண்டு 200 நிமிடம் இருந்தது. ஒவ்வொரு பாடத்தின் இரண்டாம் பிரிவிலும் பதினைந்தில் ஐந்தை விடலாம் என்ற சலுகை இருந்தது.

புதிய முறையில் முதல் தேர்வு 352. அன்று மாலை அவள் நோட்டை மூடி வைத்துவிட்டு, "நான் நர்சிங் போய்விடுகிறேன் சார்" என்றாள். நர்சிங் தாழ்ந்தது என்று நான் நினைக்கவில்லை. அதை அவளிடமும் சொன்னேன். ஆனால் 352 என்பது புதிய தாளில் முதல் எண். பழைய 391-ஓடு அதை ஒப்பிட முடியாது என்று காட்டினேன். நீட்டில் ஓர் ஆண்டின் மதிப்பெண்ணை மறு ஆண்டோடு ஒப்பிடுவதே தவறு என்பதைப் பெற்றோர்கள் புரிந்துகொள்ள வேண்டும். தாள் கடினமானால் எல்லோர் எண்ணும் இறங்கும். தரவரிசை ஒன்றுதான் பேசும்.

வரிசையை மாற்றினோம். உயிரியல் 50 நிமிடம், வேதியியல் 55, இயற்பியல் 60, மீதி 15 வட்டக் குறிகளுக்கு. பொருத்துக வகை வினாவில் நான்கையும் பொருத்திப் பார்க்காமல், நிச்சயமாகத் தெரிந்த ஒரு இணையைப் பிடித்து மற்ற விடைகளை அடித்துக்கொண்டே போகப் பழக்கினோம். பிப்ரவரி 398, மார்ச் 421, ஏப்ரல் 416.

மே 4

மையம் சேலத்தில். நானும் போயிருந்தேன். நல்ல வெயில். வாசலில் தோட்டைக் கழற்றச் சொன்னார்கள். அம்மா அதை வாங்கி முந்தானை நுனியில் முடிந்துகொண்டார். மூக்குத்தி கழல மறுத்தது; பின்னால் வரிசை நீண்டுகொண்டே போக, பக்கத்திலிருந்த வேறொரு பிள்ளையின் பாட்டி வந்து லாகவமாகத் திருகி எடுத்துக் கொடுத்தார். ஒன்றரை மணிக்குக் கதவை மூடினார்கள். மூன்றரை மணி நேரம் அந்த முடிச்சை அம்மா கையிலேயே பிடித்திருந்தார்.

ஐந்து மணிக்கு மேல் வெளியே வந்த பிள்ளைகளில் பலர் அழுதுகொண்டு வந்தார்கள். அந்த ஆண்டு இயற்பியல் அப்படி. நாடு முழுக்க முதலிடம் பிடித்தவருக்கே 686தான். பொதுப் பிரிவின் தகுதி வரம்பு 144-க்கு இறங்கியது. இவள் அழவில்லை. "இயற்பியலில் பதினெட்டை விட்டுவிட்டேன் சார்" என்றாள். விட்டுவிட்டேன் என்ற அந்தச் சொல்லைக் கேட்டதும் எனக்கு நிம்மதி வந்தது. போன ஆண்டு இயற்பியலில் அவள் விட்டது ஐந்துதான்.

ஜூன் 14-இல் முடிவு. 432.

இயற்பியலில் 17 சரி, 10 தவறு. சரியான விடை மூன்றுதான் கூடியிருக்கிறது. ஆனால் தவறு 26-லிருந்து 10-க்கு வந்ததால் 30 என்பது 58 ஆயிற்று. வேதியியலில் 27 சரி, 11 தவறு. 69 என்பது 97. உயிரியலில் 73 சரி, 15 தவறு. 230 என்பது 277. கூடிய 103-இல் 68 புதிதாகச் சரியானதால் வந்தது. 35 தவறு குறைந்ததால் மட்டுமே வந்தது. முந்தைய ஆண்டைவிடக் கடினமான தாளில், இருபது நிமிடம் குறைவான நேரத்தில். கலந்தாய்வில் 7.5 சதவீத ஒதுக்கீட்டில் அவளுக்கு மருத்துவப் படிப்பில் இடம் கிடைத்தது.

ஒரு பிள்ளையின் கதையை வைத்து எல்லோருக்கும் இதே வழி என்று நான் சொல்ல மாட்டேன். அவளுக்கு ஏற்கெனவே உயிரியல் பலமாக இருந்தது. வீட்டில் வேலைக்குப் போ என்று யாரும் நெருக்கவில்லை. வாரத்தில் நான்கு நாள் உட்கார ஓர் ஆசிரியர் இருந்தார். இந்த மூன்றில் ஒன்று இல்லாத பிள்ளைகள் எங்கள் பள்ளியிலேயே ஏராளம். வினாத்தொகுப்பைப் பிரித்து வைத்துத் தவறை எண்ண மட்டும் எந்த வசதியும் தேவையில்லை.

மே 5-ஆம் தேதி காலையிலேயே அவள் அதே மஞ்சள் பையோடு வந்துவிட்டாள். விடைக்குறிப்பு வர இன்னும் ஒரு மாதம் இருந்தது. நானும் அவளும் சேர்ந்து விடைகளைப் போட்டுப் பார்த்தோம். ஐந்து கட்டங்களை அவளே வரைந்துகொண்டு வந்திருந்தாள். தெரியாதது 17, இரண்டில் ஒன்று 13, கணக்குப் பிழை 4, தவறாகப் படித்தது 2. அவசரம் என்ற கட்டத்தில் சுழியம் போட்டு, அதைப் பேனாவால் சுற்றியிருந்தாள். தெரியாத பதினேழில் இரண்டு, நான் இரண்டு மாதம் எடுத்த சுழற்சி இயக்கம். இந்த ஆண்டு பிள்ளைகளுக்கு அந்தப் பாடத்தைப் பிப்ரவரிக்குத் தள்ளி வைத்திருக்கிறேன்.